அறத்தொடு நின்ற நகைச்சுவை நடிகை
நீனா குப்தாவின் தன்வரலாறு குறித்து ஒரு திறனாய்வு

நகைச்சுவை நடிகையர் பிறரைச் சிரிக்க வைப்பதற்கென்றே பிறந்தவர் என்பது நம்மவர் பலரின் எண்ணம். அவர் மேடைக்கு வந்து நின்ற அளவிலேயே அவையோர் முகம் மலர்கின்றது. வாய் திறக்குமுன்பே சிரிப்பு எழுகின்றது. அவருக்கும் ஒரு வீடு உண்டு, அவ்வீட்டிற்கு ஒரு கதவு உண்டு, அக்கதவை அடைத்துக்கொண்டு அவரும் அழுதிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கதைத்தலைவியின் கண்ணீர் காவியமாகின்றது. நகைச்சுவை நடிகையின் கண்ணீரோ இன்னொரு வேடிக்கையாகக் கொள்ளப்பட்டு மறக்கப்படுகின்றது. இந்நிலையில், அத்தகைய நடிகை ஒருவர் தம் காதலையும், தாம் ஏமாந்ததையும், தனித்து நின்றதையும், முதுமையின் வாயிலில் பெற்ற இல்வாழ்வையும் ஒளிவின்றி எழுதி, 'இளைய பெண்களே, கேளுங்கள்' என்று அறிவுரையும் கூற முன்வந்தால் அந்நூலை நாம் எவ்வாறு படிப்பது? எதனைக் கொள்வது? எதனைத் தள்ளுவது?

இவ்வினா நம் சங்கத்து வாசகர் கூட்டம் ஒன்றிலே எழுந்தது. அணுசக்தி நகர்க் குடியிருப்பு ஒன்றின் கூடத்தில், ஞாயிறு மாலை, காப்பிக் குவளைகளுக்கு நடுவே நம் கையில் இருந்த நூல், இந்தி நடிகை நீனா குப்தா ஆங்கிலத்தில் எழுதி 2021-ஆம் ஆண்டு வெளிவந்த தன்வரலாறு. 'சச் கஹூன் தோ' என்பது அதன் பெயர். 'உண்மையைச் சொல்வதானால்' என்று தமிழில் கூறலாம். "இந்த நூல் நம் சங்க நூலகத்தில் இருக்க வேண்டுமா?" என்று ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை, கவலைதான் இருந்தது. அவருக்கு இரு பேத்தியர் உளர். அவர் அருகில் அமர்ந்திருந்த இளம்பெண் ஒருத்தி, "தாத்தா, அந்த நூலை நாங்கள் எல்லாரும் முன்பே படித்துவிட்டோம், நீங்கள்தான் இப்போது படிக்கிறீர்கள்" என்றாள். கூடம் சிரிப்பால் அதிர்ந்தது. அச்சிரிப்பு அடங்கிய பின்னர் நிலவிய அமைதியே இக்கட்டுரைக்கு வித்து.

நூலும் ஆசிரியரும்

நீனா குப்தா டில்லியில் வளர்ந்தவர். வடமொழியில் உயர்கல்வி பெற்றவர். தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். 1980-களின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வந்தார். ஜூஹுவில் 1978-இல் திறக்கப்பெற்ற பிருத்வி அரங்கத்தின் சிற்றுண்டிச்சாலையில் கத்தரிக்காய்க் கூட்டு சமைத்துக் கொடுத்து, அதற்கு ஈடாக இரவு உணவு உண்டதை அவர் நாணமின்றி எழுதுகின்றார். 1982-இல் வந்த 'சாத் சாத்' என்னும் படத்தில் ஓயாது கலகலக்கும் சிரிப்பு மூட்டும் பெண்ணாக நடித்தார். மக்கள் சிரித்தனர், ஆனால் அச்சிரிப்பே அவருக்கு விலங்காயிற்று. ஒருமுறை சிரிக்க வைத்தவளைத் திரையுலகம் கதைத்தலைவியாக ஏற்பதில்லை என்பதை அவர் பின்னரே உணர்ந்தார். 1983-இல் வந்த 'ஜானே பீ தோ யாரோ' என்னும் புகழ்பெற்ற எள்ளல் படத்திலும் அவர் பங்கு கொண்டார். 1998-இல் 'ஸான்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரைத் தாமே எழுதி, இயக்கி, நடித்தார். கணவன் வேறொரு பெண்ணை நாடியபின் மனைவி எவ்வாறு வாழ்கின்றாள் என்பதே அதன் பொருள். இடையிலே வாய்ப்புகள் குன்றின. 2017-இல், 'மும்பையில் வாழ்கிறேன், நல்ல நடிகை, நல்ல வேடம் தேடுகிறேன்' என்னும் கருத்துப்பட உலகறிய அவர் வேலை கேட்டார். மறு ஆண்டே 'பதாயி ஹோ' என்னும் நகைச்சுவைப் படம் அவரை மீண்டும் உச்சியில் வைத்தது. 2020 முதல் வரும் 'பஞ்சாயத்' தொடரில், பெயரளவில் ஊராட்சித் தலைவியாக இருந்து மெல்ல மெல்ல உண்மைத் தலைவியாகும் பெண்ணாக அவர் நாடெங்கும் அறியப்பட்டார்.

இவை புறச்செய்திகள். நூலின் உயிர் அகச்செய்திகளில் இருக்கின்றது. மேலைத்தீவுகளின் துடுப்பாட்ட வீரர் விவியன் ரிச்சர்ட்சுடன் அவர் கொண்ட உறவும், 1989-இல் மணமாகாமலே மகள் மஸாபாவைப் பெற்றெடுத்ததும் நாடறிந்த செய்திகளே. நூல் நமக்குப் புதிதாகச் சொல்வது அதற்கு முந்தைய கதையை. அவர் தந்தை காதலித்து மணந்தவர். பின்பு தம் தந்தையின் வற்புறுத்தலால் மற்றொரு பெண்ணையும் மணந்தார். இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரு மனிதர் வந்து போய்க்கொண்டிருந்த வீட்டிலே இச்சிறுமி வளர்ந்தாள். கற்றறிந்த தாய் அத்துயரத்தால் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றதையும் மகள் மறைக்கவில்லை.

இந்தப் பக்கங்களைப் படித்த பின்னரே, மணமானவர் ஒருவரை அவர் விரும்பிய கதைக்கு முழுப்பொருள் கிடைக்கின்றது. தாயின் வீட்டில் 'பகிர்ந்தளிக்கப்பட்ட கணவரை' நாள்தோறும் கண்ட ஒரு பெண், பின்னாளில் தானே அப்பங்கீட்டின் மறுபுறத்தில் போய் நிற்கின்றாள். இதனை ஆசிரியர் எங்கும் தத்துவமாக்கி விளக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுச் செல்கின்றார். இணைத்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையதாகின்றது. திரைப்படப் புகழ் பேசும் நூல்களிடையே இந்நூலைத் தனித்து நிறுத்துவது இப்பகுதியே என்பது நம் துணிபு.

அகமரபும் இந்நூலும்

தமிழராகிய நமக்குக் காதலைப் பற்றிப் பேசுதல் புதிதன்று. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசி வருகின்றோம். ஆனால் நம் அகமரபுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அன்பின் ஐந்திணையில் இன்னார் என்று எவர் பெயரையும் சுட்டுதல் ஆகாது என்று தொல்காப்பியம் விதித்துள்ளது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற பொதுப்பெயர்களே அங்கு உலவுகின்றன. இதன் பயன் பெரிது. ஒருத்தியின் வலி ஊர் வாயில் விழாமல், எல்லார்க்கும் உரிய வலியாக உயர்கின்றது. பெயர் சொன்னால் அது 'அலர்' ஆகிவிடும்.

தன்வரலாறு இதற்கு நேர்மாறான வடிவம். பெயர் சொல்லாவிட்டால் அதற்கு உயிரே இல்லை. அவ்வாறாயின் தன்வரலாற்றில் எழுதப்படும் காதல் வெறும் அலர்தானா? இவ்விடத்தில் நம் மரபே நமக்கு இன்னொரு கருவியையும் தருகின்றது. அதுதான் 'அறத்தொடு நிற்றல்'. களவொழுக்கத்தை இனியும் மறைத்தால் தலைவியின் வாழ்வு சிதையும் என்னும் நிலையில், தோழி உண்மையைச் செவிலிக்கு வெளிப்படுத்துகின்றாள். ஊரார் பேசுவதும் அதே செய்திதான். தோழி சொல்வதும் அதே செய்திதான். ஊரார் பேசினால் அது அலர். தோழி சொன்னால் அது அறம். வேறுபாடு செய்தியில் இல்லை. சொல்லும் நோக்கத்திலும், சொல்லப்படுவதால் எவர் காக்கப்படுகின்றார் என்பதிலும் இருக்கின்றது.

இந்த அளவுகோலை இந்நூலின்மேல் வைத்துப் பார்ப்போம். தம்மை மணப்பதாக இருந்த ஒருவர், மணத்துக்குரிய பொருள்களை வாங்கிக்கொண்டிருந்த வேளையில், மணம் வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லி விலகியதை ஆசிரியர் எழுதுகின்றார். காரணம் இன்றுவரை தமக்குத் தெரியாது என்கின்றார். ஆயினும் அவர் பெயரைக் கூறவில்லை. தென்னகத்துத் தயாரிப்பாளர் ஒருவர், வேடம் தருவதாக விடுதிக்கு அழைத்து, இரவு தங்கச் சொன்ன செய்தியும் வருகின்றது. அங்கும் பெயர் இல்லை. மகளின் தந்தையைப் பற்றிப் பேசும்போது எழுதுகோல் மேலும் அடங்குகின்றது. பழி தூற்றும் சொல் ஒன்றும் இல்லை. குழந்தை உண்டாகியிருப்பதை அறிந்து அவரிடம் கேட்டதையும், அவர் மகிழ்ந்து உடன்பட்டதையும் கூறி மேலே செல்கின்றார். பரபரப்பை நாடி நூலை வாங்கியவர்க்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நமக்கோ இதுவே நூலின் நாகரிகமாகத் தோன்றுகின்றது. தம் பிழைகளைப் பெயரோடு சொல்கின்றார். பிறர் பிழைகளைப் பெரும்பாலும் பெயரின்றிச் சொல்கின்றார். அலருக்கும் அறத்துக்கும் இடையே உள்ள கோட்டை அவர் அறிந்திருக்கின்றார் என்பதற்கு இது சான்று.

பெயர் சொல்லிப் போற்றிய இடம் ஒன்றும் உண்டு. அவர் கருவுற்றிருந்த நாளில், நாடகப் பள்ளித் தோழரும் நகைச்சுவை நடிகருமான சதீஷ் கௌஷிக் தம்மை மணந்துகொள்ளுமாறு கூறினார். குழந்தை கறுப்பாகப் பிறந்தால் தம்முடையதென்று சொல்லிவிடலாமே என்றும் சொன்னார். 2023-இல் மறைந்த அவரைத் திரையில் கண்டு நாம் சிரித்ததுண்டு. இந்த ஒரு வாக்கியத்தில் கேலி இருக்கின்றது. அக்கேலிக்குள் ஒரு தோழனின் பேரன்பு இருக்கின்றது. உதவுகின்றேன் என்று சொன்னால் அவள் தாழ்ந்துபோவாள் என்பதால் உதவியைச் சிரிப்புக்குள் பொதிந்து கொடுத்தார். நகைச்சுவைக் கலைஞர்க்கே கைவந்த கருணை இது. நூல் முழுவதிலும் நம் நெஞ்சில் நிலைத்த பகுதி எதுவென்று கேட்டால் இதனையே கூறுவோம்.

அறிவுரையின் தகுதி

இனி அறிவுரைக்கு வருவோம். நூல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 2020 மார்ச்சில், ஆசிரியர் காணொளி ஒன்றில் இளம்பெண்களுக்கு எச்சரிக்கை கூறினார். மணமான ஒருவன் தன் மனைவியோடு ஒத்துப்போகவில்லை என்பான். பிரியலாமே என்றால் பிள்ளைகளைக் காட்டுவான். மறைந்து மறைந்து சந்திப்புகள் நிகழும். பின்னர் நீ வற்புறுத்தினால் சொத்து என்றும் பணம் என்றும் காலம் கடத்துவான். இறுதியில் நீதான் உடைந்துபோவாய். ஆகவே அத்தகையவனை விரும்பாதே என்பது அதன் சாரம். இதனைத் தாம் பட்டறிந்து சொல்வதாகவும் கூறினார். மீண்டும் வாழ வாய்த்தால் மணமின்றிக் குழந்தை பெறும் பிழையைச் செய்யேன் என்னும் கருத்தையும் அக்காலத்தில் வெளியிட்டார்.

நம் கூட்டத்தில் கருத்து பிளவுபட்டது இவ்விடத்தில்தான். மூத்தோர் சிலர், "பார்த்தீர்களா, அவரே பிழை என்று ஒப்புக்கொள்கின்றார், நாம் சொல்வதும் அதுதானே" என்றனர். இளையோரோ, "இது என்ன நியாயம்? துணிந்து வாழ்ந்தவர், மகளைத் தனியே வளர்த்தவர், கடைசியில் எங்களைப் பார்த்து அஞ்சி வாழுங்கள் என்கின்றாரே" என்று வருந்தினர். இரு சாராரும் ஒன்றை மறந்தனர் என்பது நம் கருத்து. அறிவுரையை மட்டும் பிரித்தெடுத்துப் படித்தால் அது பழைய பாட்டிமார் சொல்லே. வாழ்க்கையை மட்டும் பிரித்தெடுத்துப் படித்தால் அது வீரகதை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன என்பதில்தான் உண்மை இருக்கின்றது.

நம் நகரில் வாழ்வோர் பலர் எளிதில் உணரத்தக்க உவமை ஒன்று கூறலாம். கதிரியக்கம் உள்ள இடத்தில் பணிபுரிவோர் மார்பில் ஒரு சிறு அளவி அணிந்திருப்பர். அது அவரைக் காப்பதில்லை. அவர் உடல் எவ்வளவு ஏற்றது என்பதைப் பின்னர் காட்டுகின்றது. அளவியில் பதிந்ததைக் கண்டு அப்பணி பிழையானது என்று எவரும் முடிவு செய்வதில்லை. விலை எவ்வளவு என்று அறிந்துகொள்கின்றனர். நீனா குப்தாவின் அறிவுரையும் அத்தகையதே. 'நான் செய்தது பாவம்' என்று அவர் சொல்வதாக நமக்குத் தோன்றவில்லை. 'நான் கொடுத்த விலை இவ்வளவு. அதனை அறியாமல் நீ வராதே' என்று சொல்வதாகவே தோன்றுகின்றது. இவ்வாறு கொண்டால் அவர் வாழ்வுக்கும் வாக்குக்கும் முரண் இல்லை.

நம் அகத்தோழியும் இதனையே செய்தாள். களவிலே தலைவிக்குத் துணைநின்ற அவளே, இரவில் வரும் தலைவனைத் தடுத்து, 'இனி வரைந்துகொள்' என்று இடித்துரைக்கின்றாள். வரைவு கடாதல் என்பது அதன் பெயர். காதலை வெறுத்ததனால் அவள் அவ்வாறு கூறவில்லை. பாம்பும் இருளும் நிறைந்த வழியில் நாள்தோறும் வருபவனுக்கும், விழித்திருப்பவளுக்கும் நேரும் இடரை எண்ணியே கூறினாள்.

ஆயினும் இவ்விடத்தில் நாம் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலாது. அகத்தோழி இடித்துரைப்பது தலைவனை. நீனா குப்தா இடித்துரைப்பதோ பெண்களை மட்டும். காலம் கடத்தும் அந்த மனிதனை நோக்கி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. அவன் மாறுவான் என்ற நம்பிக்கையே அவருக்கு இல்லை போலும். மழையை நோக்கிப் பேசிப் பயனில்லை, குடை எடுத்துச் செல் என்பது போன்ற அறிவுரை இது. நடைமுறைக்கு உதவும். ஆனால் ஆண்மகனை மழையாக்கிவிட்டால் அவனுக்குப் பொறுப்பு ஏது? சங்கப் புலவர்கள் அவனை மனிதனாக மதித்தனர், ஆதலால்தான் கண்டித்தனர். பரத்தையிடமிருந்து மீண்டு வந்தவனைத் தோழி வாயிலிலேயே தடுத்து நிறுத்தும் மருதப்பாடல்கள் நம்மிடம் எத்தனை! அத்துணிவு இவ்வறிவுரையில் இல்லை. நம் வீட்டு ஆண்பிள்ளைகள் இந்நூலைப் படிக்கவேண்டும் என்று நாம் கூறுவது இக்குறையை நிரப்புதற்பொருட்டே.

திரையில் நிகழ்ந்த எதிரொலி ஒன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 'பதாயி ஹோ'வில் அவர் ஏற்றது, வளர்ந்த பிள்ளைகளை உடைய தாய் மீண்டும் கருவுறும் வேடம். அவள் மணமானவள், கணவனோடு வாழ்பவள். ஆயினும் ஊர் நகைக்கின்றது, பிள்ளைகள் நாணுகின்றனர். மணமின்றிக் கருவுற்றபோது தூற்றிய அதே சமுதாயம், மணமானவள் காலம் தாழ்ந்து கருவுற்றாலும் நகைக்கின்றது. பெண்ணின் காதல் எந்த வேளையில் வந்தாலும் அதற்கு நாணவேண்டும் என்பதே ஊரின் விதி என்றால், பிழை பெண்ணிடமா, விதியிடமா? இவ்வினாவை நூல் நேரே கேட்கவில்லை. அவர் நடிப்பு கேட்டது. அவ்வளவில் நடிகை, நூலாசிரியையை விஞ்சிவிட்டார்.

மராத்தி மண்ணின் முன்னோடி

நாம் வாழும் இம்மண்ணுக்கு இத்தகைய நூல் புதிதன்று. மராத்தித் திரையின் புகழ்மிக்க நடிகை ஹன்சா வாட்கர் தம் வாழ்வைச் சொல்லச் சொல்ல அருண் சாது எழுதி, 1970-இல் வெளிவந்த 'சாங்க்த்யே ஐகா' என்னும் நூல் அந்நாளில் மகாராட்டிரத்தையே உலுக்கியது. 'சொல்கிறேன், கேளுங்கள்' என்பது அதன் பொருள். 1959-இல் அவர் நடித்துப் பெருவெற்றி கண்ட படத்தின் பெயரே நூலுக்கும் பெயராயிற்று. அவர் 1971-இல் மறைந்தார். அந்நூலைத் தழுவி ஷியாம் பெனகல் 1977-இல் 'பூமிகா' என்னும் படத்தை எடுத்தார்; ஸ்மிதா பாட்டீல் அதில் நடித்துத் தேசிய விருது பெற்றார்.

இரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்கினால் அரை நூற்றாண்டின் மாற்றம் புலனாகும். ஹன்சா வாட்கர் ஓர் அமைதியான இல்லறத்துக்காக ஏங்கினார்; சம்பாதிப்பவளாகவே பார்க்கப்பட்டார்; வீட்டிலிருந்து வீட்டுக்கு அலைந்தார். அவர் எவர்க்கும் அறிவுரை கூறவில்லை. தம்மை நியாயப்படுத்தவும் இல்லை. ஓர் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பேசுவதுபோல் அவர் குரல் ஒலிக்கின்றது. நீனா குப்தாவோ விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகின்றார். 2008-இல் பட்டயக் கணக்கர் ஒருவரை மணந்து, மகளின் உயர்வையும் கண்டு, கரையேறிய பின் எழுதுகின்றார். ஆதலால் அறிவுரை கூறும் நிலை அவருக்கு வாய்த்தது. வெள்ளத்தின் நடுவே நின்றவருக்கு அது வாய்க்கவில்லை. இலக்கியத் திறத்தில் எது மிக்கது என்று கேட்டால், நாம் தயங்காது மராத்தி நூலையே கூறுவோம். படிப்பவர்க்குக் கைகொடுக்கும் நூல் எது என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று.

நம் வீட்டுக் கதை

அண்டை வீட்டு நூல்களை ஆய்ந்தோம். நம் வீட்டைத் திரும்பிப் பார்ப்போம். தமிழ் நகைச்சுவையின் இணையற்ற இணையர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும். 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காக 1936-இல் அவர்கள் பூனாவுக்கு வந்தனர். இங்கிருந்து இரயிலேறினால் சில மணி நேரத்தில் நாம் சென்றடையும் அந்தப் பூனாவிலேதான் அவர்கள் மணம் நிகழ்ந்தது. கலைவாணர் முன்பே மணமானவர் என்பது மதுரத்துக்குப் பின்னரே தெரியவந்தது. இந்நிகழ்ச்சியை நாம் தலைமுறை தலைமுறையாக ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்து வருகின்றோம். கலைவாணரின் குறும்பு என்று கொண்டாடுகின்றோம்.

அதனை மதுரம் எழுதியிருந்தால் அது வேடிக்கைக் கதையாக இருந்திருக்குமா? உண்மை தெரிந்த அந்த நாள், அந்த நாழிகை, அவர் நெஞ்சில் எவ்வாறு இறங்கியது? நாம் அறியோம், அறிய முற்பட்டதும் இல்லை. 1944-இன் இறுதியில் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் சிறைப்பட்டபோது நாடகக் குழுவைக் கட்டிக்காத்து, வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1947-இல் விடுதலை வரும்வரை தளராது நின்றவர் மதுரம். தம் குழந்தையை இழந்தபின் தம் தங்கையையே கணவர்க்கு மணமுடித்து வைத்தவரும் அவரே. இத்தனையும் பிறர் வாய்மொழியாகவே நம்மை அடைந்தன. 1974-இல் அவர் மறைந்தபோது, சொல்லப்படாத ஒரு பெருநூலும் அவரோடு மறைந்தது என்று நாம் எண்ணுவது மிகையாகாது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து 2015-இல் மறைந்த மனோரமாவின் கதையும் இத்தகையதே. உடன் நடித்த நாடகக் கலைஞர் எஸ். எம். ராமநாதனை 1964-இல் காதலித்து மணந்தார். இரண்டே ஆண்டில் பிரிவு நேர்ந்தது. கைக்குழந்தையோடும் தாயோடும் தனித்து நின்று, மறுநாளே சிரிக்க வைக்க மேடையேறியவர் அவர். பேட்டிகளில் அத்துயரத்தை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் பேட்டியில், கேட்டதற்கு விடைதான் சொல்லமுடியும். நூலிலேதான் கேளாததையும் சொல்லமுடியும். நாடக உலகத்து ஆண்மக்களுக்கு அவ்வாய்ப்புக் கிடைத்தது. அவ்வை டி. கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' 1972 முதல் நம் கையில் இருக்கின்றது. அதே மேடைகளில் நின்ற பெண்களின் நூல்களுக்கு நம் அலமாரியில் எவ்வளவு இடம் இருக்கின்றது என்று அவரவரே பார்த்துக்கொள்ளட்டும்.

தன் துயரைத் தானே பாடும் வழக்கம் நம்மிடம் இல்லாததும் அன்று. வெள்ளிவீதியார் தம் காதலனைத் தேடி அலைந்த செய்தியை ஔவையார் அகநானூற்றுப் பாட்டொன்றில் குறிப்பிடுகின்றார். ஒரு பெண்ணின் நெஞ்சத் துயரை இன்னொரு பெண்பாற் புலவர் பெயர் சுட்டி நினைவுகூர்ந்த அருமையான இடம் அது. பெயர் சொல்லலாகாது என்ற மரபினூடேயும் ஒரு பெண்ணுக்காக வழி திறந்தது. அவ்வழியைப் பின்வந்தோர் அடைத்துவிட்டனர்.

நூலின் குறைகள்

புகழ்வதோடு நிறுத்தினால் திறனாய்வு ஆகாது. இந்நூல் எழுதப்பட்டது என்பதைவிடப் பேசப்பட்டது என்பதே பொருந்தும். எளிய ஆங்கிலம், ஓடும் நடை, ஆனால் ஓட்டத்தில் பல இடங்கள் ஆழமின்றிக் கடந்துபோகின்றன. படங்களும் பெயர்களும் அடுக்கி வரும் பகுதிகளில் ஆசிரியரின் குரல் மங்குகின்றது. 'ஸான்ஸ்' தொடரை எழுதியபோது, தாயின் வாழ்வும் தம் வாழ்வும் அதற்குள் எவ்வாறு கலந்தன என்பதை அவர் விரித்திருக்கலாம்; ஏமாற்றப்பட்ட மனைவியின் நெஞ்சைத் திரையில் எழுதியவர், ஒருகாலத்தில் அம்மனைவியின் எதிர்ப்புறத்தில் நின்றவர் அல்லரோ! அந்த ஒரு முடிச்சை அவிழ்த்திருந்தால் இது பேரிலக்கியமாகியிருக்கும். மகளின் தந்தைக்கு ஒரு மனைவி இருந்தார். அப்பெண்ணின் பக்கம் நூலின் விளக்கு அரிதாகவே திரும்புகின்றது. உண்மை சொல்வதாகத் தலைப்பிட்ட நூல் சொல்லாமல் விட்ட உண்மை இது.

முடிவுரை

ஊரைவிட்டு வந்து இந்நகரில் வேரூன்றிய குடும்பங்கள் நாம். மான்குர்து நிலையத்தில் இறங்கிப் பெட்டியும் படுக்கையுமாக வந்த நம் பெற்றோர்க்கு அண்டை வீட்டாரே உறவாயினர். அத்தைக்கும் சித்திக்கும் சொல்லவேண்டியவற்றைச் சொல்ல அத்தையும் சித்தியும் அருகில் இல்லை. நம் பெண்கள் வேலைக்கும் விடுதிக்கும் செல்கின்றனர்; நெஞ்சில் ஒன்று நேர்ந்தால் யாரிடம் சொல்வர்? நம்மிடம் சொல்லமுடியாதவாறு நாம் வீட்டை அமைத்துக்கொண்டோமாயின், அறிமுகமற்ற ஒரு நடிகையின் நூலிடம் அவர்கள் செல்வதில் வியப்பில்லை.

கூட்டம் முடியும் வேளையில், அதுவரை வாய் திறவாதிருந்த மூதாட்டி ஒருவர் அந்த இளம்பெண்ணை நோக்கி, "ஏம்மா, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட சொல்லுவியா?" என்று கேட்டார். அவள் சற்றுத் தயங்கி, "நீங்க திட்டாம கேப்பீங்களா பாட்டி?" என்றாள். மூதாட்டி உடனே விடை கூறவில்லை. "முயற்சி பண்றேன்" என்றார். அன்றைய கூட்டத்தில் பேசப்பட்ட திறனாய்வுகளில் சிறந்தது அதுவே.

நூல் நம் நூலகத்தில் இருக்கட்டும். அகநானூற்றுக்கு அருகிலேயே இருக்கட்டும். பொறியாளப் பெரியவரும் இறுதியில் அதற்கு இசைந்தார். தம் பேத்தியர்க்குக் கொடுக்குமுன் தாம் இன்னொருமுறை படிக்கவேண்டும் என்று கூறி அவரே முதலில் எடுத்துச் சென்றார். இன்னும் அவர் திருப்பித் தரவில்லை.